காமிராவைப் பிடித்த கை: ஜிகா வெர்தோவ் பற்றி ஒரு பேச்சு

(படத் திரையிடலுக்குப் பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)



இப்போது நாம் பார்த்த படத்தில் கதை இல்லை. கதாநாயகன் இல்லை. ஊமைப்படங்களில் நடுநடுவே எழுத்து அட்டை வருமே, அதுவும் இல்லை. கதை எழுதாமல், நடிகர் வைக்காமல், செட்டுப் போடாமல் எடுத்த படம் என்று ஆரம்பத்திலேயே எழுதிக் காட்டிவிடுகிறார்கள். ஒரு நகரம் தூங்கி எழுகிறது, வேலைக்குப் போகிறது, சாயங்காலம் குளிக்கிறது, ஆடுகிறது, குடிக்கிறது. கூடவே ஒரு ஆள் முக்காலியில் காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். அவ்வளவுதான். பாதியில் சிலபேர் எழுந்து போய் டீ குடிச்சிட்டு வந்தீங்க. அதிலே ஒன்னும் தப்பில்லை. 1929இல் 'மூவி காமிராவுடன் ஒரு மனிதன்' வெளிவந்தபோது ரஷ்யாவிலேயே நிறைய பேருக்கு அது பிடிபடவில்லை.

இன்றைக்கு அதன் மதிப்பே வேறு. லண்டனிலிருந்து வரும் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை உலகம் முழுக்க விமர்சகர்களிடம் வாக்குக் கேட்டு நல்ல படங்களின் பட்டியல் போடுகிறது. 2012இல் இந்தப் படத்துக்கு எட்டாவது இடம். 2022இல் ஒன்பதாவது. ஆவணப்படங்களுக்கு மட்டும் 2014இல் தனியாகக் கேட்டபோது இதற்குத்தான் முதலிடம். ஆனால் விமர்சகர்கள் போட்ட மார்க்கைப் படித்துக்காட்ட நான் இங்கே வரவில்லை. வெர்தோவ் நமக்கு எதற்கு என்பதுதான் என் கேள்வி. ஒரு படத்தை எடுத்த கை எது, வெட்டிய கை எது என்பதைப் படத்துக்குள்ளேயே காட்டணும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். அந்தக் கையைக் காட்டியவரைக்கும் அவர் படம் உயிரோடு இருக்கிறது. மறைத்த இடத்தில் கெட்டுப்போகிறது. இதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். வெர்தோவ் அவர் பிறந்த பெயர் இல்லை. 1896இல் பியாலிஸ்டாக் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் டேவிட் காஃப்மன் என்ற பெயரில் பிறந்தவர். இன்று போலந்தில் இருக்கும் அந்த ஊர் அப்போது ஜார் ஆட்சியின்கீழ் இருந்தது. அப்பா புத்தக வியாபாரி. 1906 ஜூன் மாதம் அந்த ஊரில் யூதர்களை வெறிக்கும்பல் மூன்று நாள் கொன்று சூறையாடியது. அப்போது இவருக்குப் பத்து வயசு. பிறகு டேவிட் என்பது டெனிஸ் ஆயிற்று. அதற்கப்புறம் ஜிகா வெர்தோவ் என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டார். ஜிகா என்றால் உக்ரைன் மொழியில் பம்பரம். வெர்தோவ் என்பது சுழல்வதைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லிலிருந்து வந்தது. பெயரைக் கேட்டவுடனே ஆளை எடைபோட்டுவிடுகிற ஊர்களில் வாழ்கிற நமக்கு, ஒருவன் ஏன் தன் பெயரைத் தானே செய்துகொள்கிறான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பழைய பெயர் கடைசியில் அவரை விட்டதா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

படித்தது இசை. சினிமாவுக்கு முன்னாலேயே சத்தங்களைச் சேர்த்துவைக்கப் பார்த்தார். கண்ணால் பார்ப்பதையும் அப்படிச் சேர்க்க முடியாதா என்ற ஏக்கம் அங்கே தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். 1918இல் மாஸ்கோ சினிமாக் கமிட்டியின் செய்திப்படப் பிரிவில் உதவியாளராக வேலை கிடைத்தது. அங்கே இவரைச் சேர்த்தவர் மிகயீல் கோல்த்சோவ் என்கிற பத்திரிகையாளர். உள்நாட்டுப் போர் நடக்கும் காலம். நாலா பக்கத்திலிருந்தும் துண்டு துண்டாக ஃபிலிம் வரும். உட்கார்ந்து பிரித்து, கோத்து, வாரச் செய்தியாக அனுப்பணும். 1920இல் 'அக்டோபர் புரட்சி' என்ற பிரச்சார ரயிலில் படக்காட்சிப் பொறுப்பில் போனார். சினிமாவே பார்த்திராத சனங்களுக்கு ரயிலில் கொண்டுபோய்ப் படம் காட்டினார்கள்.

1922இலிருந்து 1925 வரை 'கினோ-பிராவ்தா' என்று 23 இதழ்கள் கொண்டுவந்தார். கினோ என்றால் சினிமா. பிராவ்தா என்றால் உண்மை. கட்சிப் பத்திரிகையின் பெயரும் அதுதான். சினிமாவிலேயே ஒரு பத்திரிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இதழிலேயே பஞ்சத்தில் வாடும் பிள்ளைகளைக் காட்டினார். வோல்கா பக்கத்தில் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. புதிய அரசு வந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. அப்போதே அந்த அரசின் சம்பளத்தில் இருந்துகொண்டு, 'எங்கள் நாட்டில் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள்' என்று அந்தக் காமிரா காட்டியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப இங்கேதான் வரப்போகிறோம்.

அந்தச் சமயத்தில் உருவானதுதான் மூவர் குழு. வெர்தோவ், அவர் தம்பி மிகயீல் காஃப்மன், பிற்பாடு வெர்தோவின் மனைவியான எலிசவெத்தா ஸ்விலோவா. தம்பி காமிராமேன். ஸ்விலோவா எடிட்டர். சிறுமியாக இருக்கும்போதே படக் கம்பெனி வேலைக்குப் போய், ஃபிலிமைப் பிரித்து, துடைத்து, ஒட்டித் தொழில் கற்ற பெண். வெர்தோவ் பேசினார், எழுதினார், அறிக்கை விட்டார். வெட்டி ஒட்டியது அந்த அம்மா. வரலாற்றில் யார் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அவர்கள் சொன்னது இதுதான். நடிகனை வைத்துக் கதை காட்டும் சினிமா, சனங்களை மயக்கத்தில் வைக்கும் சரக்கு. காமிராவுக்கு மனுசக் கண்ணுக்கு இல்லாத சக்தி இருக்கிறது. மெதுவாக்கலாம், வேகமாக்கலாம், பின்னோக்கி ஓட்டலாம், இரண்டு ஊரை ஒன்றாகச் சேர்க்கலாம். 1924இல் வந்த 'சினிமாக் கண்' படத்தில் இதைச் செய்து காட்டினார். கடையில் தொங்கும் கறி பின்னோக்கிப் போகிறது. தோல் மூடி, உயிர் வந்து, மாடாக எழுந்து நிற்கிறது. ரொட்டி பின்னோக்கிப் போய் மாவாகி, தானியமாகி, வயலுக்குப் போகிறது. வேடிக்கை மாதிரித் தெரியும். ஆனால் சந்தையில் விலை எழுதி வைத்திருக்கிற ஒரு பொருளுக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது?

ஐசன்ஸ்டீனுக்கும் இவருக்கும் ஆகாது. வேண்டியது சினிமாக் கண் அல்ல, சினிமா முஷ்டி என்றார் ஐசன்ஸ்டீன். பார்க்கிறவனை ஓங்கி அடிக்கணும் என்பது அவர் கட்சி. பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் ஒரு விஷயம் பாருங்கள். 'அக்டோபர்' படத்தில் குளிர்கால மாளிகையைச் சனங்கள் பாய்ந்து பிடிக்கிற காட்சி இருக்கிறதே, அது பத்து வருஷம் கழித்து ஆள் திரட்டி எடுத்தது. அந்தக் காட்சிப் படங்களை 1917இல் எடுத்த நிஜப் புகைப்படம் என்று எத்தனையோ இடத்தில் அச்சிட்டுவிட்டார்கள். நடித்தது நடந்ததாக ஆகிவிட்டது. வெர்தோவ் பயந்தது இதற்குத்தான்.

இனி ஆபீஸ் விவகாரம். நான் வங்கியில் குமாஸ்தா. கடன் விண்ணப்பத்தில் எதற்கு, எவ்வளவு, எப்படித் திருப்புவாய் என்று முன்கூட்டியே எழுதி வாங்காமல் ஃபைல் நகராது என்பது எனக்குத் தினப்படி அனுபவம். மாஸ்கோவின் சோவ்கினோ நிறுவனமும் வெர்தோவிடம் அதையே கேட்டது. படத்துக்குத் திரைக்கதை எங்கே? எழுதிக் கொடு, பிறகு பணம். வெர்தோவ் மறுத்தார். நாளைக்கு வீதியில் என்ன நடக்கும் என்று இன்றைக்கே எழுதினால் அது பொய்தானே என்பது அவர் பக்கம். முந்தைய படத்துக்கு அதிகம் செலவு வைத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தது. 1927 ஜனவரியில் வேலை போயிற்று. உக்ரைனின் வுஃப்கு நிறுவனம் கூப்பிட்டு இடம் கொடுத்தது. நாம் இன்று பார்த்த படம் அப்படித்தான் வந்தது. மாஸ்கோ, கீவ், ஒடெஸா என்று வெவ்வேறு ஊர்களில் எடுத்ததை ஒரே ஊர் மாதிரிக் கோத்திருக்கிறார்கள். 1929 ஜனவரியில் கீவ் நகரில்தான் முதலில் காட்டினார்கள்.

படத்தில் ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். குதிரை வண்டியில் பெண்கள் போகிறார்கள். பக்கத்தில் காரில் நின்றபடி காமிராமேன் அவர்களைப் படம் எடுக்கிறார். அந்த அம்மாக்களில் ஒருத்தி இவர் கை சுற்றுவது மாதிரியே கையைச் சுற்றிக் கிண்டல் பண்ணுகிறாள். திடீரென்று குதிரை அப்படியே நின்றுவிடுகிறது. வண்டி நிற்கிறது, தெரு நிற்கிறது. அப்புறம் பார்த்தால் அது ஃபிலிம் சுருளில் ஒரு கட்டம். சுருள் ஸ்விலோவா கையில் இருக்கிறது. அலமாரியில் அடுக்கடுக்காகச் சுருள்கள். ஆலை, இயந்திரம், சந்தை என்று வகை பிரித்து எழுதி வைத்திருக்கிறது. அந்த அம்மா ஒரு பிள்ளையின் முகத்தை எடுத்துப் பார்க்கிறாள், வெட்டுகிறாள், ஒட்டுகிறாள். பிள்ளை உயிர்பெற்றுச் சிரிக்கிறது.

சினிமாவில் இதற்கு முன் யாரும் இவ்வளவு பட்டவர்த்தனமாக இதைக் காட்டியதில்லை. நீ பார்ப்பது தானாக வந்ததில்லை. ஒரு பெண் மேசையில் உட்கார்ந்து செய்த வேலை என்று படமே சொல்கிறது. தையல் மெஷின் ஓடுகிறது, அடுத்து ஃபிலிமை ஒட்டுகிறார்கள். துணி துவைக்கிறார்கள், அடுத்து அழகு நிலையத்தில் தலை அலசுகிறார்கள். ஒரு பெண் சிகரெட் பெட்டியைக் கண் மூடித் திறப்பதற்குள் மடித்து மடித்துப் போடுகிறாள். நடுவே சிரித்துப் பேசுகிறாள். சினிமாக்காரன் வேலையும் இவர்கள் வேலை மாதிரி ஒரு வேலைதான். அதற்கு மேலே கிரீடம் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் கவனித்தீர்களா? விவாகரத்துப் பதிவு செய்கிற ஆபீசில் ஒரு பெண் பையால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். பெஞ்சில் படுத்திருந்த ஒருத்தி காமிராவைப் பார்த்ததும் எழுந்து போய்விடுகிறாள். 'என்னை எடுக்காதே' என்று அவர்கள் சொன்னதையும் வெர்தோவ் படத்தில் வைத்திருக்கிறார். வாழ்க்கையை எதிர்பாராமல் பிடிப்பது என்பது அவர் கோஷம். பிடிபட்டவர்களுக்கு அதில் சம்மதமா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை அவர் வெட்டி எறியவில்லை. காலங்காலமாகப் பிறர் பார்வைக்கு ஆளாகியே வந்தவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

குறையையும் சொல்லணும். படுக்கையில் தூங்கும் பெண்ணின் அறைக்குள் காமிரா எப்படிப் போயிற்று? ஏற்பாடு செய்துதான் எடுத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் அலையும் காமிராமேன் மிகயீல் காஃப்மன் என்றால், அவரை எடுத்த இன்னொரு காமிரா எங்கே? அது தெரிவதில்லை. எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்கிற படத்திலும் ஒரு கை மறைந்துதான் இருக்கிறது. இந்தப் படத்தோடு அண்ணன் தம்பி உறவு முறிந்தது. பிறகு இருவரும் சேர்ந்து படம் எடுக்கவில்லை.

இதற்கு முன் 1926இல் 'உலகத்தின் ஆறில் ஒரு பங்கு' என்று ஒரு படம் எடுத்தார். செலவு கொடுத்தது கோஸ்டோர்க் என்ற அரசு வியாபார நிறுவனம். பல திசைக்கும் காமிராமேன்களை அனுப்பி வடதுருவப் பக்கத்துப் பழங்குடிகள், மலைவாசிகள், ஆடு மேய்ப்பவர்கள் எல்லோரையும் எடுத்து வந்தார்கள். திரையில் எழுத்து வருகிறது: நீ, நீங்கள் என்று ஒவ்வொருவரையும் கூப்பிடுகிறது. கவிதை மாதிரி இருக்கும். கவிதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த 'நீ' பிடிக்கும். ஆனால் அந்த 'நீ' பதில் பேசுவதில்லை. அவர்கள் வேட்டையாடிய மிருகத்தோல் கப்பலேறுகிறது, அதற்கு மாற்றாக இயந்திரம் வருகிறது. தோல் கொடுத்தவன் கைக்குக் காமிரா வரவில்லை. ஊர் ஊராகத் தங்கள் ஆட்களைக் காமிராவோடு வைக்கணும், சனங்களே செய்தி எடுத்து அனுப்பணும் என்று வெர்தோவ் எழுதியதெல்லாம் காகிதத்தில் நின்றுபோயிற்று.

அடுத்ததுதான் பெரிய கணக்கு. டான்பாஸ் சுரங்கத் தொழிலாளர்கள் பற்றி 'உற்சாகம்' என்ற படம், 1931. ஸ்டுடியோவை விட்டு வெளியே போய், ஆலைச் சத்தத்தை ஆலையிலேயே பதிவு செய்தார். அந்த ஒலியைக் கேட்டு சார்லி சாப்ளினே பாராட்டினார். படத்தின் முடிவில் ஆலைத் தொழிலாளர்கள் கிராமத்துக்குப் போகிறார்கள். கூட்டுப்பண்ணை, தானியம், பாட்டு. அதே உக்ரைனில் 1932-33இல் தானியத்தை அரசு வாரிக்கொண்டு போனது. லட்சோபலட்சம் பேர் பட்டினியில் செத்தார்கள். அதைச் சோவியத் பத்திரிகை எழுதவில்லை, சோவியத் செய்திப்படம் காட்டவில்லை. பஞ்சமே இல்லை என்றார்கள். 1922இல் பட்டினிப் பிள்ளைகளைக் காட்டிய 'உண்மை'க்கு 1933இல் கண் கட்டப்பட்டது. வெர்தோவ் அப்போது 'லெனினைப் பற்றி மூன்று பாடல்கள்' எடுத்துக்கொண்டிருந்தார்.

எடுத்திருந்தால் சுட்டிருப்பார்கள் என்று ஒரு தோழர் என்னிடம் வாதாடினார். இருக்கலாம். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் யாரும் இல்லை. ஆனால் உண்மை என்று பெயர் வைத்துக்கொண்ட சினிமாவை அந்தப் பெயரை வைத்தே அளக்கணும். எதைக் காட்டினார் என்பதோடு எதைக் காட்டவில்லை என்பதையும் எழுதி வைக்கணும்.

1934இல் வெளியான அந்த 'மூன்று பாடல்கள்' படத்திலும் ஒரு அருமையான இடம் உண்டு. நீப்பர் அணைக்கட்டில் கான்கிரீட் வேலை செய்யும் பெண் காமிரா முன் நின்று பேசுகிறாள். கான்கிரீட்டில் விழுந்தது, எழுந்துபோய் உலர்த்திக்கொண்டு திரும்ப வந்து ஷிஃப்ட் முடியும்வரை வேலை பார்த்தது, அதற்கு விருது கொடுத்தது என்று வெட்கத்தோடு சொல்கிறாள். ஒரு தொழிலாளிப் பெண் தன் குரலில், தன் தயக்கத்தோடு திரையில் பேசியது அந்தக் காலத்தில் புதுசு. அதே படத்துக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1938இல் மறுபடி வெட்டினார்கள். வேண்டாதவர்கள் ஆகிவிட்டவர்களை எடுத்துவிட்டு ஸ்டாலினை அதிகம் சேர்த்தார்கள். 1970இல் இன்னொரு தரம் வெட்டினார்கள். இப்போது ஸ்டாலினை எடுத்தார்கள். அந்த இரண்டாவது வேலையில் ஸ்விலோவாவும் இருந்தார். 1934இல் வந்த படம் அப்படியே முழுசாக இன்று இல்லை.

1937இல் 'தாலாட்டு' என்ற படம் வந்தது. சில நாட்களிலேயே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முதலில் வேலை கொடுத்த கோல்த்சோவை 1938இல் கைது செய்து 1940இல் சுட்டுக் கொன்றார்கள். வெர்தோவைக் கொல்லவில்லை. ஒவ்வொரு திட்டமாக எழுதிக் கொடுத்தார், ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. 1944இலிருந்து 'அன்றாடச் செய்திகள்' என்ற செய்திப்படத்தைத் தொகுக்கிற வேலை. ஆபீஸ், மேசை, யாரோ எடுத்த ஃபிலிம். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் எங்கே ஆரம்பித்தாரோ அங்கேயே கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். 1949இல் 'வேரற்ற உலகக் குடிமக்கள்' என்று சொல்லி யூதர்கள்மேல் பாய்ந்த பிரச்சாரத்தில், சொந்த ஸ்டுடியோக் கூட்டத்திலேயே அவரைத் தாக்கிப் பேசினார்கள். பம்பரம் என்று பெயர் மாற்றிக்கொண்டவனைத் தேடி காஃப்மன் என்ற பெயர் வந்து சேர்ந்தது. 1954 பிப்ரவரியில் புற்றுநோயால் இறந்தார்.

அவர் காகிதங்கள் இன்று நம் கைக்கு வருகிறது என்றால் காரணம் ஸ்விலோவா. 1945இல் செம்படையின் காமிராமேன்கள் ஆஷ்விட்ஸ் முகாமில் எடுத்ததைத் தொகுத்துப் படமாக்கியவரும் அவர்தான். கணவர் போனபிறகு அவருடைய கட்டுரை, நாட்குறிப்பு, திட்டம் என்று துண்டுச் சீட்டுவரை காப்பாற்றினார். 1966இல் மாஸ்கோவில் அவை புத்தகமாக வந்தன. 1975இல் அவரும் இறந்தார். வெர்தோவ் முதன்முதலில் கோத்த 'புரட்சியின் ஆண்டுவிழா' என்ற 1918ஆம் வருஷத்துப் படத்தை, துண்டுகளைத் தேடிச் சேர்த்து 2018இல் நிக்கொலாய் இஸ்வோலவ் என்ற ஆய்வாளர் மீட்டெடுத்தார். நூறு வருஷம் கழித்தும் வெட்டுமேசை வேலை முடியவில்லை.

வெளியே என்ன நடந்தது? பிரான்சில் ழான் ரூஷும் எட்கர் மோரனும் 1961இல் 'ஒரு கோடையின் குறிப்பேடு' எடுத்தார்கள். 'கினோ-பிராவ்தா'வை அப்படியே பிரெஞ்சில் பெயர்த்து 'சினிமா வெரித்தே' என்றார்கள். எடுத்த படத்தை, அதில் பேசியவர்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் திட்டியதையும் படத்தில் சேர்த்தார்கள். கோதார் 1968க்குப் பிறகு தன் குழுவுக்கே ஜிகா வெர்தோவ் என்று பெயர் வைத்தார்.

எனக்கு இவர்களைவிட முக்கியம் இன்னும் இரண்டு சம்பவங்கள். ஒன்று, 1965இல் ழான் ரூஷை நேருக்கு நேர் உட்காரவைத்து, நீங்கள் ஆப்பிரிக்கர்களைப் பூச்சிகளைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறீர்கள் என்றார் செனகல்காரர் உஸ்மான் செம்பேன். மார்சேய் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளி; எழுத்தாளர்; மாஸ்கோ போய் சினிமா படித்துத் திரும்பி, 1963இல் ஒரு வண்டிக்காரனின் ஒரு நாளை 'போரோம் சாரெத்' என்று எடுத்தவர். இரண்டு, பிரான்சின் பெசான்சோன் நகர ஜவுளி நூல் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது கிறிஸ் மார்க்கர் குழு படம் எடுத்தது. தொழிலாளர்கள் பார்த்துவிட்டு, இது வெளி ஆள் எங்களை வேடிக்கை பார்த்த படம் என்றார்கள். மார்க்கர் கோபித்துக்கொள்ளவில்லை. காமிராவை அவர்கள் கையில் கொடுத்துப் பழக்கினார். 1969இல் அவர்களே எடுத்த படம் வந்தது. ரயிலிலேயே ஃபிலிம் கழுவி, எடுத்த இடத்திலேயே தொழிலாளர்களுக்குக் காட்டிய அலெக்சாந்தர் மெத்வெத்கின் என்ற இன்னொரு சோவியத்காரரின் பெயரைத் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். வெர்தோவ் காகிதத்தில் விட்டுப்போனது அந்த ஆலை வாசலில்தான் நடந்தது.

ஆகவே தோழர்களே, வெர்தோவுக்கு மாலை போட்டு வைக்க வேண்டாம். இன்று எல்லார் சட்டைப்பையிலும் காமிரா இருக்கிறது. அதனாலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடுத்தது யார், வெட்டியது யார், பணம் கொடுத்தது யார், முகத்தை மறைத்துக்கொண்ட அந்தப் பெண்ணைக் கேட்டார்களா, எந்தப் பஞ்சத்தை எடுக்காமல் விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். வெர்தோவ் படத்தையும் அப்படியே பாருங்கள்.

அந்தக் குதிரை வண்டிக் காட்சியை இன்னொரு தடவை போடச் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டுப் பேசலாம். திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, பேசுங்கள்.